600 பேருக்கு அனுப்பியும் 4 கிலோதான் விற்றது

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்தே முந்திரிப் பருப்பு வியாபாரம் செய்கிறேன். காடாம்புலியூர்ப் பக்கத்து முந்திரி கம்பெனிகளில் வாங்கி, தரம் பிரித்து, 250 கிராம், 500 கிராம் பாக்கெட்டாக விற்கிறேன். என் தம்பி மகன் முகநூல் பக்கமும் இன்ஸ்டாகிராம் கணக்கும் தொடங்கிக் கொடுத்தான். பரிசுப் போட்டி ஒன்று நடத்தியதில் முகநூலில் 4,200 பேர் சேர்ந்தார்கள். ஆனால் பதிவு போட்டால் 10 லைக்குக்கு மேல் வருவதில்லை. "விலை என்ன?" என்று கேட்பவர்களுக்கு "இன்பாக்ஸ் பாருங்க" என்று பதில் போடுகிறோம், அதோடு போய்விடுகிறார்கள். ஒரு கல்யாணத்துக்காகத் திரட்டிய 600 எண்களுக்கு வாட்ஸ்ஆப்பில் விலைப் பட்டியல் அனுப்பினேன். 4 கிலோ விற்றது; மறுநாளே என் எண்ணை முடக்கிவிட்டார்கள். முறையிட்டு மீட்டேன். இப்போது ஒருவர் 2,500 ரூபாய்க்கு 10,000 ஃபாலோயர் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? மாதம் 3,000 ரூபாய் விளம்பரத்துக்குச் செலவழிக்க முடியும். புதுச்சேரி ஸ்வீட் கடைகளுக்கும் கல்யாண சமையல்காரர்களுக்கும் மொத்தமாகக் கொடுக்க ஆசை. எப்படி அணுகுவது?

— கடலூர் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஃபாலோயரை வாங்க வேண்டாம். அந்த 2,500 ரூபாய் வீணாவதோடு போகாது, இருப்பதையும் கெடுக்கும். முகநூலும் இன்ஸ்டாகிராமும் நீங்கள் போடும் பதிவை எல்லா ஃபாலோயருக்கும் உடனே காட்டுவதில்லை. முதலில் ஒரு சிறு பங்கினருக்குக் காட்டிப் பார்க்கும். அவர்கள் நின்று பார்த்தால், கேள்வி கேட்டால், வேறு யாருக்காவது அனுப்பினால் அடுத்த வட்டத்துக்குப் போகும். காசுக்கு வரும் கணக்குகள் பெரும்பாலும் ஆளில்லாதவை. அவற்றுக்குக் காட்டப்படும் பதிவு அங்கேயே நின்றுவிடும். பரிசுப் போட்டிக்காக வந்தவர்களும் ஏறக்குறைய அப்படித்தான்: அவர்களுக்குப் பரிசு வேண்டியிருந்தது, முந்திரி வேண்டியிருக்கவில்லை. 4,200 பேருக்கு 10 லைக் வருவதன் காரணம் இதுதான். பக்கத்தின் 'இன்சைட்ஸ்' பகுதியில் ஃபாலோயர்கள் எந்தெந்த ஊர்க்காரர்கள் என்று பாருங்கள். கடலூர், புதுச்சேரி, நெய்வேலி, சிதம்பரம், பண்ருட்டி, சென்னை ஆகியவை மேலே இல்லையென்றால், அந்த 4,200 என்ற எண்ணைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தை அழிக்க வேண்டியதில்லை. அது உங்கள் பெயர்ப்பலகையாக இருக்கட்டும்.

உங்கள் தொழிலுக்கு நான் பார்க்கச் சொல்லும் எண் வேறு. உங்கள் நம்பரைத் தன் போனில் பெயர் போட்டு வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? முந்திரி தினமும் வாங்கும் பொருள் இல்லை. பண்டிகைக்கு, விசேஷத்துக்கு, விருந்தாளி வரும்போது வாங்குவது. அந்த நாளில் உங்கள் பெயர் அவர் போனில் இருந்தால் உங்களைக் கூப்பிடுவார், இல்லாவிட்டால் தெருமுனை மளிகைக்குப் போவார். மற்ற எல்லா வேலையும் இந்த ஒன்றுக்காகத்தான்.

வாட்ஸ்ஆப் ஏன் உங்களை முடக்கியது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். உங்கள் எண்ணைச் சேமிக்காத ஒருவருக்குச் செய்தி போனால், திரையிலேயே 'தடு', 'புகார் செய்' என்ற தெரிவுகள் அவருக்குத் தெரியும். கல்யாண வீட்டுக்குக் கொடுத்த எண்ணுக்கு முந்திரி விலை வந்தால் பலர் அதைத் தொடுவார்கள். குறுகிய நேரத்தில் பல புகார், அதுவும் பழக்கமில்லாத எண்களிலிருந்து என்றால் கணக்கு நிற்கும். ஒருமுறை மீண்டுவிட்டீர்கள், இன்னொரு முறை நம்ப முடியாது. அந்த 600 எண் பட்டியலை அழித்துவிடுங்கள். ஒரு காரியத்துக்காகக் கொடுத்த எண்ணை வேறு காரியத்துக்கு எடுப்பது முறையும் அல்ல. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தைத்தான் அடிப்படையாக வைக்கிறது. மொத்தமாகச் செய்தி அனுப்பித் தருகிறோம் என்று மென்பொருள் விற்பவர்களையும், அதிகாரப்பூர்வமில்லாத வாட்ஸ்ஆப் செயலிகளையும் கிட்டே சேர்க்காதீர்கள். கணக்கு போவதற்கு இவையும் முக்கியக் காரணம்.

சரியான வழி 'பிராட்காஸ்ட் லிஸ்ட்'. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். செய்தி ஒவ்வொருவருக்கும் தனியாகப் போகும், பதிலும் உங்களுக்குத் தனியாக வரும். ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ஸ்டேட்டஸும் அப்படித்தான்: நீங்கள் அவர் எண்ணையும், அவர் உங்கள் எண்ணையும் சேமித்திருந்தால்தான் அவருக்குத் தெரியும். அதனால் நீங்களும் சேமிக்க வேண்டும். வெறும் பெயராக வேண்டாம். "கலா, செம்மண்டலம், 320, பொங்கல்" என்பதுபோல் பெயர், ஏரியா, வாங்கிய தரம், எப்போது வாங்கினார் என்று சேர்த்துப் போடுங்கள். ஆறு மாதம் கழித்துத் தேடும்போது இதன் அருமை தெரியும்.

எண்ணைச் சேமிக்க வைப்பது எப்படி? கேட்க வேண்டும், அவ்வளவுதான். பாக்கெட்டைக் கையில் கொடுக்கும்போது சொல்லுங்கள்: "அக்கா, இந்த நம்பரை 'மஞ்சக்குப்பம் முந்திரி'ன்னு போட்டு வச்சுக்குங்க. மாசம் ரெண்டு தடவை விலை அனுப்புறேன். வேணாம்னா 'வேண்டாம்'னு ஒரு வார்த்தை போடுங்க, நிறுத்திடுறேன்." சரி என்றவரை மட்டும் பட்டியலில் சேருங்கள். 'வேண்டாம்' என்றவரை அன்றே நீக்குங்கள். பாக்கெட்டின் பின்புறம் வாட்ஸ்ஆப் பிசினஸ் தரும் க்யூஆர் கோட்டை அச்சடித்து ஒட்டுங்கள். போன் கேமராவில் காட்டினால் நேரே உங்கள் உரையாடல் திறக்கும். க்யூஆர் கோடு இரண்டு சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது, பளபளப்பான உறையின் மடிப்பில் வரக் கூடாது. இரண்டிலுமே ஸ்கேன் ஆகாமல் போகும். அச்சடிக்கும் முன் இரண்டு மூன்று போன்களில் சோதித்துப் பாருங்கள்.

எல்லோரையும் ஒரு குரூப்பில் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். குரூப்பில் உங்கள் வாடிக்கையாளர் எண்கள் அத்தனையும் எல்லோர் கண்ணிலும் படும். போட்டிக் கடைக்காரர் ஒருவர் உள்ளே இருந்தால் அத்தனை எண்ணும் அவருக்கும் கிடைத்த மாதிரிதான். காலை வணக்கப் படங்களும் ஃபார்வர்டும் பெருகி, பாதிப் பேர் ஒலியை அணைத்துவிடுவார்கள்.

சாதாரண வாட்ஸ்ஆப்பில் இருந்தால் வாட்ஸ்ஆப் பிசினஸ் செயலிக்கு மாறுங்கள், இலவசம்தான். அதில் உங்களுக்கு உடனே பயன்படுவது நான்கு. முதலாவது கேட்டலாக்: ஒவ்வொரு தரத்துக்கும், ஒவ்வொரு எடைக்கும் தனிப் பொருளாக, விலையோடு ஏற்றுங்கள். இரண்டாவது வரவேற்புச் செய்தி: முதல்முறை எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சே இல்லாமல் இருந்துவிட்டுத் திரும்ப வருபவருக்கும் தானாகப் போகும். மூன்றாவது 'குயிக் ரிப்ளை': அடிக்கடி எழுதும் பதிலைச் சேமித்து வைத்து, சாய்கோடு போட்டுக் குறுஞ்சொல்லைத் தட்டினால் முழுச் செய்தியும் வந்துவிடும். நான்காவது லேபிள்: புது வாடிக்கையாளர், புது ஆர்டர், பணம் வர வேண்டியது, பணம் வந்தது, முடிந்தது என்று வகைப்படுத்தலாம். தீபாவளி வாரத்தில் யாருக்கு அனுப்பினோம், யாரிடம் பணம் வரவில்லை என்ற குழப்பம் இதனால் தீரும்.

இனி "இன்பாக்ஸ் பாருங்க". நீங்கள் உடனே விட வேண்டிய பழக்கம் இது. விலையைக் கேட்டவர் ஒரு நொடியில் பதில் எதிர்பார்க்கிறார். இன்பாக்ஸைத் திறக்கச் சொன்னால் 'ஆளுக்கு ஒரு விலை சொல்வார்கள் போலிருக்கிறது' என்ற சந்தேகம் வருகிறது. அதோடு, இன்ஸ்டாகிராமில் நீங்கள் அனுப்பும் பதில் அவருடைய 'கோரிக்கைகள்' பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிடலாம், அதைப் பலர் திறப்பதே இல்லை. கேட்ட இடத்திலேயே விலையைச் சொல்லுங்கள். முந்திரி விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறதே என்றால், "இந்த விலை வரும் ஞாயிறு வரை" என்று தேதி போட்டுச் சொல்லுங்கள். ஒருவர் கேட்டதை மௌனமாகப் படிப்பவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள். அவர்களுக்கும் அதுவே பதில்.

பதில் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி:

"வணக்கம்மா. முழுப் பருப்பு 320 தரம், 250 கிராம் — இன்றைய விலை இவ்வளவு, 500 கிராம் — இவ்வளவு. பாயசம், பொங்கலுக்கு இதுவே போதும். குருமாவுக்கு அரைக்க என்றால் துண்டுப் பருப்பு வாங்கிக்குங்க, ருசி அதேதான், விலை குறைவு. கடலூருக்குள் நாளை மாலைக்குள் வீட்டுக்கே வரும். எந்த ஏரியா?"

இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். கடைசி வரி கேள்வியாக முடிகிறது, அதனால் பேச்சு தொடர்கிறது. நடுவில் குறைந்த விலைச் சரக்கை நீங்களே சொல்கிறீர்கள். அரைப்பதற்கு முழுப் பருப்பு வேண்டியதில்லை என்று சொல்லும் வியாபாரியை வாடிக்கையாளர் மறக்க மாட்டார்.

என்ன பதிவு போடுவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்களிடம் அதற்கு நல்ல விஷயம் இருக்கிறது என்பதால் சொல்கிறேன். முந்திரியில் 180, 240, 320 என்று சொல்கிறோமே, அந்த எண்ணின் பொருள் வாங்குபவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. ஒரு பவுண்டில், அதாவது 454 கிராமில், எத்தனை முழுப் பருப்பு இருக்கும் என்பதே அது. எண் ஏற ஏற பருப்பு சிறியது. கணக்குப் போட்டால் 250 கிராம் பாக்கெட்டில் 180 தரம் என்றால் சுமார் 94 முதல் 99 பருப்பும், 240 என்றால் 121 முதல் 132 வரையும், 320 என்றால் 165 முதல் 176 வரையும் இருக்க வேண்டும். இதை ஒரு 40 விநாடி ரீல்ஸ் ஆக்குங்கள்: சமையலறைத் தராசில் 250 கிராம் காட்டுங்கள், தட்டில் கொட்டுங்கள், பத்துப் பத்தாகக் கூட்டி எண்ணிக் காட்டுங்கள். "எங்கே வாங்கினாலும் எண்ணிப் பாருங்க" என்று சொல்லுங்கள். 320-ஐ 240 என்று விற்கும் இடங்களில் ஏமாந்தவர்கள் அதை வீட்டாருக்கும் தோழிகளுக்கும் அனுப்புவார்கள். சிலர் உங்கள் பாக்கெட்டையும் எண்ணுவார்கள், தரம் பிரிப்பதில் அந்த அளவுக்கு நீங்கள் கறாராக இருக்க வேண்டும்.

படம் எடுப்பதில் ஒரு தவறு பரவலாக நடக்கிறது. வெள்ளைப் பருப்பை எவர்சில்வர் தட்டில் கொட்டி ஃபிளாஷ் போட்டு எடுப்பார்கள். வெளிச்சம் தட்டில் பட்டுத் திரும்பி, பருப்பு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும், வளைவே தெரியாது. வாழையிலையில் வைத்தால் பச்சைச் சாயல் ஏறி, பழைய சரக்கு போலத் தோன்றும். கருநீலம் அல்லது அடர் பழுப்புத் துணி விரித்து, காலை 8 மணி வாக்கில் ஜன்னல் ஓரமாக, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து எடுங்கள். நேர் வெயில் வேண்டாம். பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வையுங்கள், அளவு புரியும். ஒரு பருப்பைப் பிட்டு உட்புறத்தைக் காட்டுங்கள், நெருக்கமாக. நிறம் கூட்டும் ஃபில்டரைத் தொடாதீர்கள். பாக்கெட் வந்ததும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். உறையில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு உரிமம்) எண், நிகர எடை, பேக் செய்த மாதம், அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு எல்லாம் இருக்க வேண்டியது சட்டம், படத்தில் அவை படிக்கும்படி தெரிவது வியாபாரம். "சர்க்கரை நோயைக் குணமாக்கும்" போன்ற வாசகங்களை யார் எழுதித் தந்தாலும் போடாதீர்கள். பொய் என்பதோடு, உணவு விளம்பரத்தில் நோயைக் குணமாக்கும் என்று சொல்லச் சட்டமும் விடாது.

வாரம் இரண்டு பதிவு போதும். எண்ணும் வீடியோ, காற்றுப் புகாமல் வைக்காவிட்டால் சிக்கு வாடை ஏன் வருகிறது, உடைத்த பருப்பில் தோல் உரிப்பது எப்படி என்று உங்கள் கைவேலையிலிருந்தே இரண்டு மாதத்துக்குத் தேறும். இருப்பிடக் குறியாக 'கடலூர்' அல்லது 'புதுச்சேரி' சேருங்கள்.

முகநூலைவிட முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: கூகுள் பிசினஸ் புரொஃபைல், அதாவது கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் உங்கள் தொழிலைக் காட்டும் பக்கம். "பக்கத்தில் முந்திரி எங்கே கிடைக்கும்" என்று கூகுளில் தேடுபவர் வாங்கும் எண்ணத்தோடுதான் தேடுகிறார். வீட்டிலிருந்து வியாபாரம் என்பதால் முகவரியை மறைத்துவிட்டு, சேவைப் பகுதியாக 20 இடங்கள் வரை குறிப்பிடலாம். மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், நெல்லிக்குப்பம், நெய்வேலி, பண்ருட்டி என்று நீங்கள் உண்மையில் கொண்டுபோய்க் கொடுக்கும் இடங்களையே போடுங்கள். சரிபார்ப்புக்கு வீடியோ கேட்கக்கூடும். தெருப் பெயர்ப்பலகை, தராசு, சீல் போடும் இயந்திரம், உங்கள் பெயர் அச்சிட்ட உறை ஆகியவற்றை வெட்டாமல் ஒரே வீடியோவில் காட்டினால் வேலை முடியும். பெயர் இருக்கும் இடத்தில் "சிறந்த முந்திரி மொத்த விலை கடலூர்" என்று அடுக்காதீர்கள். கடையின் உண்மையான பெயரைத் தவிர வேறு எது சேர்த்தாலும் புரொஃபைலை நிறுத்திவிட வாய்ப்புண்டு.

கூகுளில் விமர்சனம் கேட்பதற்கு நல்ல நேரம் பாக்கெட் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள். சாப்பிட்டுப் பார்த்திருப்பார்கள். அதற்குப் பதிலாக இலவசம் எதுவும் தராதீர்கள், விதிக்கு மாறானது. யாராவது "சிக்கு வாடை வந்தது" என்று ஒரு ஸ்டார் போட்டால் சண்டைக்குப் போகாமல், ஒரு நாளுக்குள், "மன்னிக்கவும். உறையில் உள்ள பேக்கிங் தேதியை அனுப்புங்கள், அன்று பேக் செய்த சரக்கையே பார்க்கிறேன். நாளை புதுப் பாக்கெட் வரும்" என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதி, சொன்னதைச் செய்யுங்கள். அடுத்து வருபவர் ஸ்டாரைவிட உங்கள் பதிலைத்தான் படிப்பார்.

இனி மொத்த வியாபாரம். கல்யாண சமையல்காரர் விஷயத்தில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: பல இடங்களில் மாஸ்டர் மளிகை லிஸ்ட் எழுதித் தருவார், வாங்குவது பெண் வீட்டாரோ மாப்பிள்ளை வீட்டாரோ. திருவந்திபுரத்தில் முகூர்த்த நாளில் எத்தனை கல்யாணம் நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அந்த லிஸ்டில் 'முந்திரி' என்ற வரிக்கு எதிரே உங்கள் எண் இருந்தால் போதும். இரண்டு மூன்று மாஸ்டர்களிடம் உட்கார்ந்து, 100 பேருக்குப் பாயசத்துக்கு எவ்வளவு, கேசரிக்கு எவ்வளவு, வெண்பொங்கலுக்கு எவ்வளவு, எந்தத் தரம் என்று அவர்கள் வாயாலேயே கேட்டு ஒரு அட்டவணைப் படம் தயார் செய்யுங்கள். அடியில் மாஸ்டர் பெயர், எண். அதற்குக் கீழே உங்கள் எண். மாஸ்டருக்கு அதை அனுப்பிவிடுங்கள். அவர் தன் வாடிக்கையாளருக்குத் தானே அனுப்புவார், ஏனென்றால் அது அவர் வேலையையும் சுலபமாக்குகிறது. இவர்கள் முகநூல் விளம்பரம் பார்த்து வருபவர்கள் அல்லர், வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ்தான் அவர்கள் உலகம். அவர்கள் போடும் பந்திப் படங்களைப் பாருங்கள், ஒரு வார்த்தை பாராட்டி எழுதுங்கள்.

புதுச்சேரி ஸ்வீட் கடைகளுக்குப் போகும் முன் அவர்களுடைய இன்ஸ்டாகிராமைப் பத்து நிமிடம் பாருங்கள். கத்லி அதிகம் போடும் கடைக்கு வேண்டியது வெள்ளைத் துண்டு. வறுபட்டுச் சிவந்த துண்டு கலந்தால் கத்லியின் நிறம் போய்விடும். மேலே அலங்காரத்துக்கு வைப்பவருக்குப் பாதிப் பருப்பு. இதைத் தெரிந்துகொண்டு பேசினால் உங்களைத் தொழில் தெரிந்தவராக மதிப்பார்கள். முதல் செய்தி இப்படி இருக்கலாம்:

"வணக்கம் சார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் முந்திரி தரம் பிரித்துக் கொடுக்கிறோம். உங்கள் கடைக் கத்லி படங்கள் பார்த்தேன். அதற்கு ஏற்ற வெள்ளைத் துண்டும், மேலே வைக்கப் பாதிப் பருப்பும் 10 கிலோ டின்னாகத் தருகிறோம். இரண்டிலும் 100 கிராம் சாம்பிள் கொண்டு வரட்டுமா? செவ்வாய் அல்லது புதன் மதியம் 3 மணிக்கு உங்களுக்குத் தோதுப்படுமா?"

விலைப் பட்டியல், லோகோ, பிடிஎஃப் எதுவும் முதல் செய்தியில் வேண்டாம். சில வரிகள், கடைசியில் கேள்வி. பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். நேரில் போய்ப் பாருங்கள். மதியம் 3 மணி வாக்கில் கடையில் கூட்டம் குறைந்து முதலாளி பேசக் கிடைப்பார். தீபாவளிச் சரக்கை யாரிடம் எடுப்பது என்பது ஆவணியிலேயே முடிவாகிவிடும், ஐப்பசியில் போனால் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார்கள். பெரிய ஹோட்டல்களின் கொள்முதல் மேலாளர்கள் லிங்க்டுஇன்னில் இருப்பார்கள். அங்கே உங்கள் பெயருக்குக் கீழே "முந்திரிப் பருப்பு சப்ளை — கடலூர், புதுச்சேரி" என்று தெளிவாகப் போட்டு, மேலே சொன்ன அதே செய்தியைக் கொஞ்சம் மாற்றி அனுப்பலாம்.

இந்த இடத்தில் ஒரு முக்கியமான விஷயம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே முக்கால் மணி நேரப் பஸ் பயணம்தான். ஆனால் ஜிஎஸ்டி கணக்கில் இது வேறு மாநிலத்துக்கு விற்பது. உங்கள் ஆண்டு வியாபாரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், வரி உள்ள பொருளை மாநிலம் தாண்டி விற்க ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். முந்திரிப் பருப்பு வரி உள்ள பொருள். சிறு வியாபாரிகள் குறைந்த விகிதத்தில் வரி கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களும் மாநிலம் தாண்டி விற்க முடியாது. ஸ்வீட் கடைக்காரர் பில் இல்லாமல் வாங்கவும் மாட்டார், ஏனென்றால் கட்டிய வரியை அவர் கழித்துக்கொள்ள வேண்டும். ஒரே அனுப்பீடு 50,000 ரூபாயைத் தாண்டினால் சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில்லும் தேவை. ஆகவே புதுச்சேரிக்கு ஒரு செய்தி அனுப்பும் முன், ஒரு விளம்பரம் போடும் முன், உங்கள் ஆடிட்டரைப் பாருங்கள். ஜிஎஸ்டி பதிவு முடியும் வரை கடலூர், நெய்வேலி, சிதம்பரம், விழுப்புரம் கடைகளில் தொடங்குங்கள்.

விளம்பரப் பணம் 3,000 ரூபாய். மாதாமாதம் செலவழிக்காதீர்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, அந்த மாதங்களில் சேர்த்து வைத்து, தீபாவளிக்கு மூன்று நான்கு வாரம் முன்பும், பொங்கலுக்கு முன்பும் போடுங்கள். பதிவுக்கு அடியில் வரும் 'பூஸ்ட்' பொத்தானை அவசரத்தில் அழுத்தினால் லைக் தருபவர்களுக்கே காட்டும்படி அமைந்துவிடலாம். முகநூலின் விளம்பரப் பகுதியான ஆட்ஸ் மேனேஜரில் போய், விளம்பரத்தைத் தொட்டால் வாட்ஸ்ஆப் உரையாடல் திறக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். இடம் என்ற பகுதியில் 'தமிழ்நாடு' என்று விடாமல், வரைபடத்தில் கடலூரில் குறி வைத்து, நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடிய தூரத்தை மட்டும் வட்டமாக்குங்கள். 25 கிலோமீட்டர் வைத்தால் புதுச்சேரியும் உள்ளே வந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். ஜிஎஸ்டி பதிவு இல்லாத வரை அந்தப் பகுதியை விலக்குப் பட்டியலில் போடலாம். நாளுக்கு 200 ரூபாய், 10 நாள் என்றால் 2,000. அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்து 2,360 ஆகும். மீதி 640 ரூபாயைக் கடைகளுக்கான சாம்பிள் பாக்கெட்டுக்கு வையுங்கள். விளம்பரப் படத்திலேயே எடையும் விலையும் இருக்கட்டும். விலையைப் பார்த்துவிட்டுத் தொடுபவர்தான் வாங்குபவர், மற்றவர்கள் தொடுவதற்கும் உங்கள் காசுதான் போகிறது.

அந்தப் பத்து நாளும் போன் உங்கள் கையில் இருக்க வேண்டும். இரவு கேட்டவருக்கு மறுநாள் மதியம் பதில் சொன்னால் அவர் வேறு எங்காவது வாங்கியிருப்பார். கேட்டலாக்கும் குயிக் ரிப்ளையும் தயாராகாமல் விளம்பரம் போடாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள்: தேதி, எங்கிருந்து வந்தார், என்ன கேட்டார், என்ன விலை சொன்னீர்கள், வாங்கினாரா, திரும்ப வந்தாரா. விளம்பரத்துக்கு ஆன 2,360 ரூபாயை வாங்கியவர் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு புது வாடிக்கையாளருக்கு எவ்வளவு செலவு என்று தெரியும். அது ஒரு பாக்கெட்டில் உங்களுக்கு நிற்கும் லாபத்தைவிட அதிகமாக இருந்தாலும் பதற வேண்டாம். அவர் பொங்கலுக்குத் திரும்ப வந்தாரா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆர்டர் பெருகும்போது ஏமாற்றுக்காரர்களும் வருவார்கள். "ராணுவ கேண்டீனுக்கு 50 கிலோ வேண்டும், முன்பணம் அனுப்ப இந்தக் க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க" என்பது பழைய உத்தி, இன்றும் நடக்கிறது. பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், யுபிஐ பின் போடவும் வேண்டாம். பின் கேட்டாலே உங்கள் பணம் வெளியே போகிறது என்று பொருள். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பாக்கெட்டைக் கொடுக்காதீர்கள், உங்கள் வங்கிக் கணக்கில் வந்ததா என்று பாருங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அதை நிறுத்திவைக்க வாய்ப்பு. வாட்ஸ்ஆப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு ஆறு இலக்க எண் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். "உங்கள் பக்கம் விதியை மீறியது, 24 மணி நேரத்தில் நீக்கப்படும்" என்று இணைப்போடு வரும் செய்தியைத் திறக்காதீர்கள்.

ஒன்று மட்டும் உங்கள் கடிதத்தில் உறுத்தியது. பக்கத்தைத் தம்பி மகன் தொடங்கினான் என்று எழுதியிருக்கிறீர்கள். முகநூல் பக்கத்தின் முழுக் கட்டுப்பாடு யார் கணக்கில் இருக்கிறது? இன்ஸ்டாகிராமுக்குக் கொடுத்த மின்னஞ்சலும் போன் எண்ணும் யாருடையவை? அவன் போன் தொலைந்தாலோ, வேலைக்கு வெளியூர் போய்விட்டாலோ உங்கள் பக்கத்துக்குள் நீங்களே நுழைய முடியாது. பக்கத்தின் அமைப்புகளில் 'அணுகல்' பகுதிக்குப் போய் உங்கள் கணக்குக்கு முழுக் கட்டுப்பாடு கொடுக்கச் சொல்லுங்கள். இன்ஸ்டாகிராமில் உங்கள் மின்னஞ்சலையும் எண்ணையும் ஏற்றிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அரை மணி நேர வேலை. இந்த ஞாயிற்றுக்கிழமையே அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து முடித்துவிடுங்கள்.